புலிக்கும் காணிக்கும் நடுவில்

யாழ்ப்பாணத்தில் ஒன்றரைப் பரப்புக்காகத் தலைமுறை தாண்டி வழக்குப் பேசிய ஒரு குடும்பத்தையாவது தெரியாதவர் இருக்கமாட்டார். கதியாலை ஒரு சாண் தள்ளி ஊன்றினால் அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றுவிடும். முதுசமா, சீதனமா, தேடியதேட்டமா என்று காணி வந்த வழியைப் பார்த்து அதன் விதியை எங்கள் வழமைச் சட்டமான தேசவழமை பிரித்து வைத்திருக்கிறது. பங்காளிக்குச் சொல்லாமல் வெளியாளுக்கு விற்றால் பங்காளி நீதிமன்றம் போகலாம். அதற்கென்றே 1947 இல் தனியாக ஒரு கட்டளைச் சட்டம் வந்தது. இவ்வளவு நுணுக்கம் பார்க்கிற நாங்கள், வேலிப் பொட்டுக்குள்ளால் ஓடி வருகிற முயல் யாருடையது என்று ஒருநாளும் கேட்டதில்லை. பிடித்தவன் கறிவைத்தான், அவ்வளவுதான்.

முயல் விஷயத்தில் கேட்காமல் விட்டால் ஒன்றும் கெட்டுவிடாது. ஓநாய், கரடி, சிறுத்தை என்று வரும்போது கேட்டே ஆகவேண்டும். அவை ஒருவருடைய வளவுக்குள் அடங்குகிற விலங்குகள் இல்லை. ஸ்கண்டிநேவியாவில் ஒரே ஒரு ஓநாய்க் கூட்டம் ஆயிரம் சதுர கிலோமீற்றர் அளவில் சுற்றித் திரியும். யாழ்ப்பாண மாவட்டம் தீவுகளையும் சேர்த்து 1,025 சதுர கிலோமீற்றர். அதாவது பருத்தித்துறையிலிருந்து நெடுந்தீவுவரை நாங்கள் போட்டிருக்கிற அத்தனை வேலியும் ஒரு கூட்டத்துக்குத்தான் காணும்.

இந்த விலங்குகளைப் பற்றி வாசிக்க வாசிக்க எனக்கு ஒரு விஷயம் உறுதியாகிக்கொண்டே வருகிறது. அவை பிழைப்பதும் அழிவதும் காட்டின் அளவிலோ மனிதரின் இரக்கத்திலோ தங்கியிருப்பது குறைவு. அந்தக் காணி யார் பேரில், அங்கே சுடும் உரிமை யார் கையில், விலங்கு உயிரோடு இருந்தால் யாருக்கு நட்டம் என்பதில்தான் முக்கால்வாசி இருக்கிறது.

அக்கா குடும்பம் நோர்வேயில் எல்வெரும் என்ற ஊரில் இருக்கிறது. குளொம்மா ஆற்றங்கரையில் உள்ள காட்டூர். அத்தானுக்கு முதியோர் இல்லமொன்றில் வேலை. நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து நிற்கிற நாட்களில் விறாந்தையில் இருந்து அவர் சொல்கிற கதைகளில் பாதி, கூட வேலைசெய்யும் நோர்வேக்காரரின் எல்க் மான் வேட்டை பற்றியது. செப்டெம்பர் கடைசியில் வேட்டைக்காலம் தொடங்கினால் லீவு கேட்டு வரிசையில் நிற்பார்களாம். "எங்கடை ஆக்கள் தேருக்கு லீவு கேக்கிற மாதிரித்தான், தம்பி. குடுக்காட்டில் கோபம் வரும்."

அங்கே வேட்டை உரிமை காணிக்காரருக்கு உரியது. சிறு காணிக்காரர்கள் பலர் சேர்ந்து தங்கள் காடுகளை ஒரே வேட்டைப் பரப்பாகப் பதிந்து, உள்ளூராட்சி ஒதுக்குகிற எண்ணிக்கைக்குள் சுடுவார்கள். தாங்கள் சுடாவிட்டால் அந்த உரிமையைக் குத்தகைக்கு விடலாம். இறைச்சி குளிர்பெட்டிக்குள் போகும், குத்தகைக் காசு கையில் வரும். பனை வடலி போலவே எல்க்கும் காணியின் வருமானம். இதற்குள் ஓநாய் வந்தால் எல்க் குறையும், குத்தகையும் விழும். அதைவிடப் பெரிய பிரச்சினை நாய். எல்க்கைத் தேடிப்பிடிக்க அவிழ்த்துவிடும் வேட்டைநாயை ஓநாய் கொன்றுவிடும். அத்தானோடு வேலைசெய்யும் ஒருவரின் நாய் அப்படிப் போனது. கழுத்தில் ஜிபிஎஸ் பட்டி. கைபேசித் திரையில் புள்ளி ஓடிக்கொண்டே இருந்ததாம். பிறகு ஒரு இடத்தில் நின்றுவிட்டது. பக்கத்துக் கிராமத்தில் ஆடு செத்த செய்தி வந்தபோதெல்லாம் ஓநாய்க்காகப் பேசிய மனிதர், அன்றோடு பேச்சை மாற்றிவிட்டார்.

நோர்வே அரசு 1845 இல் ஒரு சட்டம் போட்டு ஓநாய், கரடி, லிங்ஸ் என்ற பெரிய காட்டுப்பூனை, வுல்வரின் என்ற சிறு கரடி போன்ற ஊனுண்ணி நான்கின் தலைக்கும் வெகுமதி கொடுத்தது. அடுத்த நூற்றாண்டில் அதே அரசு பாதுகாப்புப் பக்கம் திரும்பியது. இன்று நாட்டின் ஏறத்தாழ 5 வீதப் பரப்பு ஓநாய் வலயம். அதுவும் தென்கிழக்கில், எல்வெரும் இருக்கிற பக்கம். ஆண்டுக்கு 4 முதல் 6 ஈற்றுக் குட்டிகள் இருந்தால் போதும் என்று நாடாளுமன்றம் 2016 இல் இலக்கு வைத்தது. மற்ற 95 வீதத்திலும் கோடைகாலத்தில் இருபது இலட்சம் அளவில் செம்மறிகள் மேய்ப்பர் இல்லாமல் மலையில் திரிகின்றன. வலயத்துக்குள் இருக்கும் காணிக்காரர், நாடு முழுவதற்குமான சுமையை ஏன் எங்கள் காட்டில் மட்டும் இறக்குகிறீர்கள் என்று கேட்கிறார். நியாயமான கேள்விதான். செத்த ஆட்டைக் காட்டி நட்டஈடு கேட்கலாம். ஓநாய் தின்ற எல்க்குக்குக் கணக்குக் காட்டுவது வில்லங்கம். சுட்டு விழுத்தும்வரை அது அவருடைய எல்க் இல்லையே. ஸ்கண்டிநேவிய ஓநாய்களின் சாவில் ஏறக்குறையப் பாதி கள்ளவேட்டையால் என்று ஆய்வாளர்கள் 2012 இல் கணக்கிட்டார்கள். சட்டம் இறுக்கமான, காசுள்ள, பொலிஸ் ஒழுங்கான நாடுகளின் கதை இது.

ஜெர்மனி இன்னும் சுவாரசியம். 1848 புரட்சிவரை அங்கே குடியானவனின் வயலில் பிரபு வந்து வேட்டையாடலாம். பயிர் மிதிபட்டாலும் குடியானவன் வாய் திறக்க முடியாது. புரட்சி அதை உடைத்து, வேட்டை உரிமையைக் காணியோடு கட்டியது. ஆனால் குறைந்தது 75 ஹெக்டயர் ஒரே துண்டாக இருந்தால்தான் தனியாக வேட்டைப்பகுதி வைத்திருக்கலாம். எங்கள் கணக்கில் கிட்டத்தட்ட 3000 பரப்பு! அதற்குக் கீழே உள்ளவர்கள் கட்டாயமாக ஊர்ச் சங்கத்தில் சேரவேண்டும். சங்கம் உரிமையைக் குத்தகைக்கு விடும், குத்தகைக்காரர் சுடுவார், காட்டுப்பன்றி வயலைக் கிண்டினால் அந்த நட்டமும் பெரும்பாலும் அவர் தலையில்தான். உரிமையோடு கடனும் வருகிற இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. வேட்டையே பாவம் என்று நினைக்கிற ஒரு காணிக்காரர், என் காணியிலும் சுடுவதற்கு நான் ஏன் இடம் கொடுக்கவேண்டும் என்று ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம்வரை போய் 2012 இல் வென்றார். நல்லூரில் ஒருவர் அப்படி வழக்குப் போட்டிருந்தால் எனக்கு ஆச்சரியமே இருந்திராது.

ஓநாய்க்கு வருவோம். நூறு ஆண்டுக்கும் மேலாக இல்லாமல் போயிருந்த ஓநாய் திரும்பி வந்து ஜெர்மனியில் முதன்முதல் குட்டி போட்டது 2000 இல். இடம், சக்சனி மாநிலத்தில் ஒரு இராணுவப் பயிற்சித் திடல். அதன்பிறகும் புதிய பகுதிகளில் ஓநாய்கள் முதலில் இறங்கியது பெரும்பாலும் இராணுவத் திடல்களில்தான். இயற்கைச் சரணாலயங்களைவிட அங்கே அவற்றின் சாவு குறைவு என்று 2019 இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. சரணாலயத்துக்குள் காணி ஒருவரிடம், வேட்டைக் குத்தகை இன்னொருவரிடம். இராணுவத் திடலில் காணி, காடு, வேட்டை மூன்றும் ஒரே அரச நிர்வாகத்தின் கையில். மானையும் காட்டுப்பன்றியையும் நம்பிக் குத்தகை கட்டியவர் அங்கே யாரும் இல்லை. ஆகவே ஓநாயைப் போட்டியாளனாகப் பார்க்கவும் ஆளில்லை.

வலிகாமம் வடக்கிலிருந்து 1990 இல் எழும்பிய குடும்பங்களுக்கு இந்த ஆய்வை வாசித்துக் காட்டினால் என்ன சொல்வார்கள்? ஆட்கள் இல்லாத இடத்தில் காடு வரும் என்பது எங்களுக்குப் புதிதில்லை. இராணுவம் பிடித்திருந்த உயர் பாதுகாப்பு வலயம் விடுபட்டுப் போனபோது வீட்டுச் சுவரைப் பிளந்துகொண்டு ஆலும் வேம்பும் நின்றதைப் பார்த்தவர்கள் நாங்கள். இராணுவம் இருந்தால் விலங்குக்கு நல்லது என்று யாராவது எங்களுக்கு வந்து வகுப்பெடுத்தால் நான் எழும்பிப் போய்விடுவேன். ஆனால் ஆய்வு சொல்லும் காரணத்தைத் தள்ளமுடியாது. குஜராத்தின் கிர் காட்டுச் சிங்கமும் அப்படித்தான் தப்பியது. சில பத்துகளாகச் சுருங்கிப்போன இனத்தை, தன் ஆட்சிப் பரப்பு என்ற ஒரே அதிகாரத்தில் ஜூனாகத் நவாப் பிறர் சுடாமல் மறித்தார். 2025 கணக்கெடுப்பில் 891 சிங்கங்கள். பாதிக்கு மேல் சரணாலயத்துக்கு வெளியே, ஊர்க் காணிகளில். நவாப் காப்பாற்றிக் கொடுத்தார், சரி. இன்று அவற்றைச் சுமப்பது யாரென்றால் வேர்க்கடலையும் மாவும் நட்டிருக்கிற கமக்காரரும் மாடு வளர்ப்பவரும்தான்.

இனி எங்கள் பக்கம். குடாநாட்டில் சிறுத்தை குடியிருக்க இடமில்லை. அதற்கு ஆனையிறவு தாண்டவேண்டும். மாமா முத்தையன்கட்டுப் பக்கம் வயல் செய்கிறார், பட்டியில் கொஞ்சம் மாடும் இருக்கிறது. ஒரு மாரிக்குப் போயிருந்தபோது விடியவே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். கன்றின் தொண்டையில் இரண்டு துளை, வயிற்றுப் பக்கம் தின்றிருந்தது, மிச்சத்தைப் பற்றைக்குள் இழுத்த தடம். வரப்பு ஈரத்தில் அடி பதிந்திருந்தது. நாயின் அடியென்றால் நகம் தெரியும். இதில் நகம் இல்லை, நாலு விரலும் அகன்ற உள்ளங்காலும் மட்டும். அந்த இடத்திலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை, வயலுக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் ஒரு சீமெந்துக் கல். வன எல்லைக் கல். போருக்கு முன்னம் அந்தக் கல்லுக்கு அப்பாலும் மாமாவின் தகப்பன் விதைத்திருக்கிறார்.

வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவிக்கவில்லையா என்று கேட்டேன். சிறுத்தையை மாமா புலி என்றுதான் சொல்வார்.

"புலிக்குப் பயமில்லைத் தம்பி. புலி வந்தால் ஒரு கண்டு போகும். புலி நிக்குதெண்டு சொன்னால் பின்னாலை ஜீப் வரும். ஜீப் வந்தால் இது காடு எண்டு எழுதுவாங்கள். பிறகு காணி போகும்."

பக்கத்து வயல்காரர் கன்றின் உடம்பில் மருந்து வைப்போம் என்றாராம். மாமா விடவில்லை. சிறுத்தையில் பாசம் வந்து இல்லை. ஊர் நாய்கள் தின்று சாகும், பிறகு ஊருக்குள் சண்டை வரும் என்பதற்காக.

மாமா சொன்னதை மிகை என்று ஒதுக்கலாம். ஆனால் வன்னியில் காணியின் கதை தெரிந்தவர் ஒதுக்கமாட்டார். 1840 இல் ஆங்கிலேயர் ஒரு கட்டளைச் சட்டம் போட்டு, காடும் தரிசும் பயிரிடாத நிலமும் முடிக்குரியவை, இல்லையென்றால் நீ நிரூபி என்றார்கள். இன்றும் இலங்கையில் நிலத்தின் எண்பது வீதத்துக்கும் மேல் அரசுடையது. குடாநாட்டுக்காரர் உறுதிக்காணி வைத்துக்கொண்டு வழக்காடுகிறோம். வன்னியில் பலரிடம் இருப்பது பெர்மிட், பலரிடம் அதுவும் போரோடு போய்விட்டது. இடம்பெயர்ந்த காலத்தில் பற்றை மூடிய வயல்கள், ஆட்கள் திரும்பி வந்தபோது காடாகக் கணக்கில் ஏறியிருந்தன. வனவளத் திணைக்களமும் வனஜீவராசிகள் திணைக்களமும் வர்த்தமானியில் எடுத்துக்கொண்ட வயலையும் குளத்தையும் விடுவியுங்கள் என்ற முறைப்பாடு வடக்கின் ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டங்களில் ஆண்டுதோறும் கேட்கிறது. கிழக்கில் மயிலத்தமடுவில் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் மேய்ச்சல்தரைக்காகத் தெருவில் இறங்கியதும் இதே நோய்தான். இப்படிப்பட்ட இடத்தில் சிறுத்தை ஒரு விலங்காக மட்டும் வருவதில்லை. காணி இனி உன்னுடையது இல்லை என்பதற்கான சாட்சியாக வருகிறது. சாட்சியை யார் விட்டுவைப்பார்?

2018 ஜூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் ஒரு சிறுத்தையை ஊர் கூடி அடித்துக் கொன்ற காணொளி உலகம் முழுக்கப் போனது. அதற்கு முன்னம் அந்தச் சிறுத்தை வனஜீவராசிகள் அலுவலர் ஒருவர் உட்படப் பத்துப் பேரளவில் காயப்படுத்தியிருந்தது. கொன்றதைவிட, செத்த உடம்போடு நின்று படம் பிடித்ததுதான் பலருக்குக் கோபம். எனக்கும் பார்க்க வயிற்றைப் பிரட்டியது. கொழும்பிலிருந்து வந்த கண்டனங்களில் "காட்டுமிராண்டிகள்" என்ற தொனி இருந்தது. அந்த ஊர்க்காரருக்கு அந்த விலங்கின்மேல் எந்த உரிமையும் கிடையாது, அதனால் ஒரு சதம் வரவும் கிடையாது, வந்து நின்றால் என்ன செய்வதென்று சொல்லிக்கொடுத்தவரும் கிடையாது. யால தேசியப் பூங்காவில் சிறுத்தை பார்க்கப் போகிற ஜீப்புகளின் வருமானம் எங்கே போகிறதோ, அம்பாள்குளத்துக்கு வருவதில்லை.

வேட்டை உரிமை இலங்கையில் இல்லவே இல்லை என்றும் சொல்லமுடியாது. 1937 இன் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தில் சிறுத்தை முழுப் பாதுகாப்பு பெற்ற விலங்கு. காட்டுப்பன்றி அந்தப் பாதுகாப்புக்கு வெளியே நிற்கிறது. பயிரை அழித்தால் கொல்லலாம். எதால் கொல்வது? முந்தி வன்னிக் கமக்காரரிடம் அனுமதிப்பத்திரத்தோடு துவக்கு இருந்தது. போர் அதைக் கொண்டுபோனது. இன்று வடக்கில் ஒரு தமிழ்க் கமக்காரர் துவக்குக்கு மனுப் போடுவதை நினைத்துப் பாருங்கள்! மிஞ்சுவது கம்பிச் சுருக்கு. பழைய மோட்டார் சைக்கிளின் கிளச் கேபிள் போதும், வேலிப் பொட்டில் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம். துவக்குக்குப் பின்னால் ஒரு கண் இருக்கிறது, பன்றியா வேறெதுவா என்று பார்க்கும். சுருக்குக்குக் கண் இல்லை. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் சுருக்கில் சிக்கிய அபூர்வமான கருஞ்சிறுத்தை மூன்றாம் நாள் செத்ததும் அப்படித்தான். அந்தக் கம்பி சிறுத்தைக்காக வைத்ததில்லை. பன்றியைக் கொல்லும் உரிமையைக் காகிதத்தில் கொடுத்துவிட்டு அதற்கான ஒழுங்கான வழியைக் கொடுக்காமல் விட்டதன் விலை அது. ஆயிரத்துக்கும் குறைவாக வளர்ந்த சிறுத்தைகள் மிஞ்சியிருப்பதாக மதிப்பிடப்படும் தீவில், கண்ணில்லாத கம்பிகள் எத்தனை கட்டப்பட்டிருக்கும்?

அப்படியென்றால் ஆபிரிக்காவைப்போல வேட்டையை விற்றுக் காசு பார்க்கலாமா என்று ஒரு கேள்வி வரும். நமீபியா 1975 இல் வெள்ளைப் பண்ணையாளருக்கு அவர்களின் காணி விலங்குகள்மேல் உரிமை கொடுத்தது. 1996 இல்தான் பொதுக்காணியில் வாழும் கறுப்பின மக்களுக்கும் சங்கம் அமைத்து அதே உரிமையைப் பெற வழி திறந்தது. இன்று எண்பதுக்கும் மேற்பட்ட சங்கங்கள். விலங்கு கூடிய இடங்கள் உண்டு, சிங்கத்தால் மாடு போய்க்கொண்டே இருக்கிற இடங்களும் உண்டு. எனக்கு அதில் பிடித்தது வேட்டைக்கட்டணம் இல்லை, உரிமை ஊரின் பேரில் எழுதப்பட்டதுதான். பூங்கா எல்லைக்கு அப்பால் ஒரு காணியில் ஒரு அமெரிக்கப் பல்வைத்தியர் 2015 இல் சிம்பாப்வேயின் சிசில் என்ற சிங்கத்தை அம்பெய்து கொன்ற கதை எல்லோருக்கும் தெரியும். காசுக்கு விற்கிற வேட்டையில் எல்லைக்கல்லே தூண்டிலாகிவிடும். வன்னிக்குள் இனி எந்தப் பேரிலும் துவக்கு வரவேண்டாம் என்பது என் கட்சி.

எங்களுக்குக் கிட்டவாக வருவது சுவீடன் செய்தது. அங்கே வடக்கில் சாமி என்ற பழங்குடி மக்கள் ரெயின்டியர் மான்களை மேய்க்கிறார்கள். காணி அவர்கள் பேரில் இல்லாவிட்டாலும் மேய்ச்சல் உரிமை அவர்களுடையது. முந்தி, செத்த ரெயின்டியரைக் காட்டினால் நட்டஈடு. பனிக்குள் செத்ததைத் தேடிப்பிடிப்பதே பெரும்பாடு. பிடித்தாலும் எது கொன்றது என்று விவாதம். 1996 இல் முறையைத் திருப்பிப் போட்டார்கள். உங்கள் மேய்ச்சல் பரப்பில் ஒரு வுல்வரினோ லிங்ஸோ குட்டி போட்டது உறுதியானால், அதற்கு இவ்வளவு என்று அந்தச் சமூகத்துக்குக் காசு. ஒரு ஈற்றுக்கு 2 இலட்சம் குரோனர் அளவில். எத்தனை ரெயின்டியர் செத்தது என்று யாரும் கேட்பதில்லை. குட்டியை எப்படியும் காப்பாற்றிக் காட்டவேண்டிய அவசியம் மேய்ப்பருக்கே வந்துவிட்டது. பத்து ஆண்டுக்குள் வுல்வரின் எண்ணிக்கை இரட்டிப்புக்கு மேல் போனதாக 2015 இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

இதை மாமாவிடம் சொன்னேன். உடனே கணக்குப் போடத் தொடங்கிவிட்டார்: அடி பதிந்தால் போதுமா, படம் வேணுமா, குட்டி பக்கத்துக் குளத்துக் காட்டுக்குப் போய்விட்டால் காசு யாருக்கு. பிறகு நிறுத்தி, "முதல் அந்தக் கல்லைப் பிடுங்கச் சொல்லு, மிச்சம் பிறகு கதைப்பம்" என்றார்.

வரிசை அதுதான் என்று நானும் நினைக்கிறேன். பெர்மிட்டோ அளிப்போ உறுதியோ, எதுவானாலும் வயல் வயல்காரனுடையது என்று எழுத்தில் வரவேண்டும். சிறுத்தை நிற்பதாகச் சொன்னவரின் காணியை அதைக் காரணம் காட்டி எடுக்கமுடியாது என்று சட்டத்திலேயே இருக்கவேண்டும். அதற்குப் பிறகு கமரா கட்டலாம், ஊர்க்காரரே அதைப் பார்த்துக்கொள்ளலாம், குட்டி படத்தில் விழுந்தால் அந்தக் குளத்தின் கமக்கார அமைப்புக்குக் காசு போகலாம். பன்றிக்குச் சுருக்கைத் தவிர வேறு வழி, ஊருக்கு ஒரு மின்வேலியாவது, அதே காசிலிருந்து வரலாம். கமக்கார அமைப்பு உரம் பிரிப்பதிலேயே அடிபடுகிறது, இதையா ஒழுங்காகச் செய்யப்போகிறது என்று கேட்பீர்கள். அடிபடட்டும். குட்டிக் காசில் என் பங்கு எங்கே என்று ஒரு ஊர் சண்டை பிடித்தால், அந்த ஊரில் கன்றின் உடம்பில் மருந்து வைக்க வருகிறவனை மறிக்க நாலு பேராவது இருப்பார்கள்.